ஆர்ஆர் 310-ஐ மேம்படுத்தக் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது: முதலில் எதில் போடுவது?

டிவிஎஸ் நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கை வாங்கப்போகிறவர்களும் சரி, ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் சரி, ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இன்னும் இருபதாயிரமோ நாற்பதாயிரமோ செலவழிக்க முடியும். அதை எதில் போடலாம்? க்ளட்சைத் தொடாமல் கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டரா, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் தரும் டைனமிக் கிட்டா, சாய்வை அளக்கும் எலக்ட்ரானிக்ஸ் தரும் டைனமிக் ப்ரோ கிட்டா, சைலன்சரை மாற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ-வைத் திருத்துவதா, இல்லை பழைய வண்டியை விற்றுவிட்டு 38 பிஎஸ் (குதிரைசக்தி) தரும் புதிய வண்டிக்குப் போய்விடுவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஸ் ஓட்டுகிறவர்கள் பணத்தை ஒரு வரிசையில் செலவழிப்பார்கள். முதலில் டயரும் பிரேக்கும், அப்புறம் சஸ்பென்ஷன், அதற்கடுத்து எலக்ட்ரானிக்ஸ், கடைசியில்தான் எஞ்சின். நாம் ஆசைப்படுவது பெரும்பாலும் நேர் எதிர் வரிசையில். ஆனால் ட்ராக்கின் வரிசையை அப்படியே நம் ரோட்டுக்கு எடுத்துக்கொள்வதும் சரியில்லை. ஓரிடத்தில் அது மாறுகிறது. அந்த ஒரு மாற்றம் எங்கே என்று தெரிந்தால் மேலே கேட்ட கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

வண்டி வளர்ந்த வரிசை

இதற்கு நல்ல சாட்சி இந்த வண்டியின் வரலாறுதான். டிவிஎஸ் ரேசிங் அணி 1982-ல் தொடங்கியது. 2013-ல் பிஎம்டபிள்யூ மோட்டார்ராட்டுடன் ஒப்பந்தம் போட்டார்கள். 2016 ஆட்டோ எக்ஸ்போவில் அகூலா 310 என்ற பெயரில் ட்ராக்குக்கான மாதிரி வண்டி ஒன்றைக் காட்டினார்கள். 2017 டிசம்பரில் ஆர்ஆர் 310 ரோட்டுக்கு வந்தது. 312.2 சிசி ஒற்றை சிலிண்டர், 34 பிஎஸ். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்னால் வெளியேறும். இந்த அமைப்பால் எஞ்சினின் எடையை முன்னோக்கித் தள்ளிவைத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மை நீளமாக்க முடிந்தது. வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம், 1365 மி.மீ.தான். சின்ன வீல்பேஸுக்குள் நீண்ட ஸ்விங்ஆர்ம் கிடைத்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது பின் டயர் நன்றாகப் பிடிக்கும். அந்த நன்மை பிறவியிலேயே வந்தது.

அதற்குப் பிறகு என்னென்ன மாறின என்று பாருங்கள். 2019-ல், கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் தடுக்கும் ஸ்லிப்பர் க்ளட்ச். 2020-ல் பிஎஸ்6 மாசு விதிக்கான எஞ்சினோடு த்ராட்டில்-பை-வயர் (ஆக்ஸிலரேட்டரைக் கேபிளுக்குப் பதில் மின்சிக்னலால் இயக்குவது), நான்கு ரைடிங் மோடுகள், மிஷலின் ரோடு 5 டயர்கள். 2021-ல் பிடிஓ (பில்ட் டு ஆர்டர்) என்ற பெயரில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரும் கிட்டுகள்: அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேஒய்பி சஸ்பென்ஷன் கொண்ட டைனமிக் கிட், தாழ்ந்த ஹேண்டில்பாரும் உயர்ந்த ஃபுட்பெக்கும் கொண்ட ரேஸ் கிட். 2024 செப்டம்பரில்தான் சக்தி கூடியது, 34-லிருந்து 38 பிஎஸ். ஏறக்குறைய ஏழு வருடம் எஞ்சின் சக்தியில் கை வைக்கவில்லை.

முடியாமல் விட்டிருக்க வாய்ப்பில்லை. 2022-ல் ஆசிய ரோடு ரேசிங் சாம்பியன்ஷிப்போடு சேர்த்து டிவிஎஸ், எல்லோரும் ஒரே மாடல் வண்டியை ஓட்டும் ஒரு ஒன்-மேக் தொடரைத் தொடங்கியது. புரிராம், செபாங் போன்ற ட்ராக்குகளில் ஓடிய அந்த ரேஸ் வண்டிகள், அடிப்படையில் இதே 310 எஞ்சின்தான், மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டின. அந்த எஞ்சினிலிருந்து கூடுதல் சக்தி எடுக்கும் வழி அணிக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாடிக்கையாளர் வண்டிக்கு முதலில் க்ளட்ச், பிறகு டயர், பிறகு சஸ்பென்ஷன், கடைசியாகத்தான் சக்தி வந்தது. விலை, மாசு விதி, போட்டி என்று வேறு காரணங்களும் இருக்கும். ஆனாலும் ஒரு ரேஸ் அணி தன் வண்டியை வளர்க்கும் வரிசையும் ஏறக்குறைய இதுதான்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு லேப் 3.7 கி.மீ. சி1, சி2 என்று எண் சொல்லி அழைக்கும் 12 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொண்டால், ரைடர் வளைவுக்கு ஒரு பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சம் பிடித்தாலே லேப்புக்கு 1.2 நொடி வந்துவிடும். வண்டி என்ன செய்யும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அந்தப் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அதனால்தான் ரேஸ் ரைடர் மெக்கானிக்குகள் நிற்கும் பிட்டுக்குள் வந்ததும் முதலில் "முன்பக்கம் தள்ளுது", "பிரேக் பிடிச்சா பின்பக்கம் ஆடுது" என்றுதான் சொல்வார். பவர் பற்றாது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

சக்தி: கணக்கு போட்டுப் பார்த்தால்

பலருக்கும் முதல் ஆசை இதுதான், அதனால் இதை முதலில் முடித்துவிடலாம். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி வீதத்தில் கூடும். அதை மீறி ஓடத் தேவைப்படும் சக்தி மும்மடி வீதத்தில் கூடும். 34-லிருந்து 38 பிஎஸ் என்பது கிட்டத்தட்ட 12 சதவீத உயர்வு. மும்மடி மூலம் எடுத்தால் உச்ச வேகம் 4 சதவீதம்கூட ஏறாது. 160-ல் ஓடும் வண்டி 166-ஐத் தொடும், அவ்வளவுதான். தொழிற்சாலை இந்த 4 பிஎஸ்ஸை எடுக்கவே ஏர்பாக்ஸைப் பெரிதாக்கி, த்ராட்டில் பாடியை மாற்றி, எடை குறைந்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டது. வெளியே சைலன்சரை மட்டும் மாற்றி அதே அளவு சக்தி வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரும்பாலும் கூடுவது சத்தம்தான்.

அதுமட்டுமல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கோரும்போது இது பெரிய தலைவலியாகும். ட்ராக்குக்கென்றே தனியாக ஒரு வண்டி வைத்திருந்தால் விஷயம் வேறு. ரோட்டு வண்டிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பற்சக்கரம். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலோ பின்னால் ஒன்றிரண்டு பல் கூட்டினாலோ எஞ்சின் கொஞ்சம் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடும், கீழ் கியர்களில் இழுவை கூடும். ரேஸ் அணிகள் ட்ராக்குக்கு ட்ராக் இதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே இருங்காட்டுக்கோட்டையைவிடச் சிறிய ட்ராக். அங்கே ஓட்டும்போது உச்ச வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் 110-ல் போகிறவருக்கு இது அதிர்வையும் பெட்ரோல் செலவையும் கூட்டிவிடும். ட்ராக் ஓட்டுகிறவர் மட்டும் யோசிக்கலாம்.

டயரும் பிரேக்கும்: மலிவாகக் கிடைக்கும் பெரிய வித்தியாசம்

2020-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவருக்கு என் முதல் பரிந்துரை டயர். ஆரம்பகால ஆர்ஆர் 310 மிஷலின் பைலட் ஸ்ட்ரீட் ரேடியலில் வந்தது. பின்னால் வந்த ரோடு 5 அதே 110/70-17, 150/60-17 அளவுகளில்தான் பொருந்துகிறது. அதாவது நிறுவனமே அடுத்த தலைமுறைக்குச் செய்த மேம்பாட்டை, டயர் தேய்ந்து எப்படியும் மாற்றவேண்டிய நாளில் நீங்களும் செய்துகொள்ளலாம். ஈரத் தரையிலும் குளிர்ந்த காலையிலும் ரோடு 5 தரும் பிடியே போதும், இந்த வண்டி வேறு மாதிரி தெரியும்.

டயரைப் போலவே காற்றழுத்தமும் முக்கியம். ட்ராக் நாட்களில் அனுபவஸ்தர்கள் காலையில் குளிர்ந்த டயரிலும், நான்கைந்து லேப் முடித்து வந்ததும் சூடான டயரிலும் அழுத்தத்தை அளப்பார்கள். சூடேறினால் அழுத்தம் உயரும், அந்த உயர்வைக் கணக்கில் வைத்துத்தான் காலையிலேயே குறைத்து வைப்பார்கள். ரோட்டில் அந்தக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டக்கூடாது. ரோட்டுக்கு மேனுவலில் உள்ள அளவே சரி. ஆனால் சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கி வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் ட்ராக்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது. பெட்ரோல் பங்க் கேஜை நம்பி மலையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

பிரேக்கில் புதிய டாட் 4 ஆயில் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 155 டிகிரி வரை இறங்கலாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடிக்கும்போது லீவர் தொளதொளவென்று ஆனால் காரணம் பெரும்பாலும் இதுதான். 300 மி.மீ. முன் டிஸ்க் இந்த வண்டியின் எடைக்குப் போதுமானது. டிஸ்க்கையோ கேலிப்பரையோ மாற்ற வேண்டியதில்லை. ட்ராக் ஓட்டுகிறவர் நல்ல பேடும் ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸும் போட்டால் லீவர் உணர்வு கடைசி லேப் வரை ஒரே மாதிரி இருக்கும்.

சஸ்பென்ஷன்: டைனமிக் கிட் யாருக்கு?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ட்ராக் அனுபவம் இந்த வண்டிக்குத் தந்த மிகப் பெரிய கொடை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டாண்டர்டு வண்டியில் முன் ஃபோர்க்கில் எதையும் மாற்ற முடியாது. பின்னால் பிரீலோட் (ஸ்ப்ரிங்கின் ஆரம்ப இறுக்கம்) மட்டும் மாற்றலாம். அதாவது 60 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் முன்பக்கம் ஒரே செட்டிங். நடுத்தர எடையை மனதில் வைத்துச் செய்தது, அந்த எடைக்கு நன்றாகவே இருக்கும். டைனமிக் கிட்டில் முன்னால் பிரீலோட், கம்ப்ரெஷன், ரீபவுண்ட் மூன்றையும், பின்னால் பிரீலோடையும் ரீபவுண்டையும் மாற்றலாம். கூடவே பித்தளைப் பூச்சு கொண்ட செயின். 2024 வண்டியில் டயர் அழுத்தம் காட்டும் சென்சாரும் இதில் சேர்ந்தது, விலை 18,000 ரூபாய். 2021-ல் கிட் முதலில் வந்தபோது 12,000.

இவற்றை மாற்றும் ஸ்க்ரூக்கள் என்ன செய்கின்றன? நீங்கள் ரைடிங் உடை எல்லாம் போட்டு உட்காரும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பிரீலோட் தீர்மானிக்கும். அதை சாக் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ரைடரோடு சேர்த்து 30-லிருந்து 35 மி.மீ. வரை வைப்பது வழக்கம். அதிகம் இறங்கினால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அடிவரை போய்விடும், அப்புறம் மேடு பள்ளத்தைத் தாங்க இடமிருக்காது. குறைவாக இறங்கினால் டயர் குழிக்குள் இறங்காமல் தாவும். கம்ப்ரெஷன், அமுங்கும் வேகத்தை அடக்கும். ரீபவுண்ட், அமுங்கியது திரும்ப எழும் வேகத்தை அடக்கும்.

ரேஸில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே சாய்க்கும் உத்தி முழுவதும் ஃபோர்க்கை நம்பித்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இறங்கும், ஸ்டீயரிங் கோணம் கூர்மையாகும், வண்டி வேகமாகத் திரும்பும். பிரேக்கை விடும்போது முன்பக்கம் எழும். அந்த எழும் வேகம் ரைடரின் விரலுக்கு ஏற்ப நடக்காவிட்டால் வளைவின் நடுவில் கோடு மாறிவிடும். பலமுறை தேசிய சாம்பியனான ஜகன் குமார் போன்ற ஒருவர் ஒரு வளைவை லேப்புக்கு லேப் அச்சு பிசகாமல் எடுப்பதைப் பாருங்கள். துணிச்சல் அதில் பாதிதான். வண்டி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி எழுவது மீதிப் பாதி.

சரி, இது யாருக்கு வேண்டும்? ட்ராக் நாளுக்குப் போகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். 55 கிலோவுக்குக் கீழோ 85 கிலோவுக்கு மேலோ எடை உள்ளவருக்கும், அடிக்கடி பின்னால் ஆளோடு போகிறவருக்கும் வேண்டும், ஏனென்றால் ஸ்டாண்டர்டு செட்டிங் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் வாங்கிய பிறகு ஒரு ஸ்க்ரூவையும் தொடப்போவதில்லை என்றால் அந்தப் பணத்தை வேறெதிலாவது போடுங்கள். தொழிற்சாலை செட்டிங்கிலேயே கிடக்கும் டைனமிக் கிட்டுக்கும் சாதாரண ஃபோர்க்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கிட் இல்லாமல் வைத்திருப்பவர் பின் பிரீலோடைத் தன் எடைக்கு வைத்து, ஃபோர்க் ஆயிலை உரிய காலத்தில் மாற்றினாலே பாதி தூரம் வந்துவிடுவார். பலருடைய வண்டிகளில் அந்த ஆயில் வாங்கிய நாளிலிருந்து மாற்றப்பட்டதே இல்லை.

வரிசை மாறும் இடம்: டைனமிக் ப்ரோ

ட்ராக் சொல்வதை அப்படியே எடுக்கக்கூடாது என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான்.

ட்ராக்கில் தார் ஒரே சீராக இருக்கும். எதிரே வண்டி வராது. ஒரே வளைவை நூறு முறை எடுத்திருப்பார்கள், எந்த இடத்தில் எவ்வளவு பிடி என்று மனப்பாடம். அதனால் அனுபவமுள்ள ரைடர்கள் ட்ராக்கில் ஏபிஎஸ் தலையிடுவதைப் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். தேவைப்படுவது தன் விரலின் துல்லியம். அவர்களிடம் கேட்டால் சஸ்பென்ஷனுக்குப் பிறகுதான் எலக்ட்ரானிக்ஸ்.

நம் ரோடு அப்படியில்லை. ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் மணல் கிடக்கும். வால்பாறையில் நல்ல தார் திடீரென்று ஈரமான நிழலுக்குள் நுழையும். லாரி டீசல் சிந்தியிருக்கும். வளைவைத் தாண்டியதும் மாடு நிற்கும். சாய்ந்த நிலையில் பயந்து பிரேக்கை அழுத்தும் தருணம் ட்ராக்கில் அபூர்வம், ரோட்டில் அன்றாடம்.

அந்தத் தருணத்துக்குத்தான் டைனமிக் ப்ரோ கிட். 2024-ல் இதன் விலை 16,000 ரூபாய். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மேடேறுகிறதா இறங்குகிறதா, முன்சக்கரம் தூக்குகிறதா என்று அளக்கும் சென்சார் ஒன்று இதில் இருக்கிறது. அதை வைத்து கார்னரிங் ஏபிஎஸ், கார்னரிங் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், வீலி கன்ட்ரோல் எல்லாம் இயங்கும். சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சக்கரம் பூட்டுகிறதா என்பது மட்டும்தான் தெரியும், வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்ந்த டயர் பக்கவாட்டுப் பிடிக்கே தன் வலுவில் பெரும்பகுதியைச் செலவழித்துக்கொண்டிருக்கும், பிரேக்குக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். கார்னரிங் ஏபிஎஸ் அந்தக் கொஞ்சத்தைக் கணக்கில் வைத்து பிரேக் அழுத்தத்தை மெல்ல ஏற்றும். வண்டி திடுக்கென்று நிமிர்ந்து எதிர்ப்பக்கம் ஓடுவதையும் இது குறைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர், மலைப்பாதையை நேசிக்கிறவர், இரண்டு கிட்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டைனமிக் ப்ரோவை எடுக்கட்டும். ட்ராக்குக்குப் போகிறவர் டைனமிக்கை எடுக்கட்டும். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. சஸ்பென்ஷனைப் பிற்பாடு நல்ல மெக்கானிக் ஒருவரை வைத்து மேம்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. சாய்வுச் சென்சாரையும் அதற்கான ஏபிஎஸ் அமைப்பையும் பிறகு வெளியே வாங்கிப் பொருத்துவது நடக்காத காரியம்.

ஸ்லிப்பர் க்ளட்சிலிருந்து 2025 வரை ஒரு கோடு

எலக்ட்ரானிக்ஸ் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் கியரைச் சட்டென்று குறைத்தால் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பிரேக் பிடித்ததால் எடை முழுவதும் முன்னால் போயிருக்கும் நேரம் அது. பின் டயர் தரையில் லேசாகத்தான் நிற்கும், அதனால் துள்ளும். 2019-ல் வந்த ஸ்லிப்பர் க்ளட்சுக்குள் சரிவான பற்கள் உண்டு. சக்கரம் எஞ்சினைச் சுழற்றப் பார்க்கும்போது அவை க்ளட்ச் தட்டுகளைக் கொஞ்சம் விலக்கிவிடும், துள்ளல் அடங்கும். க்ளட்ச் லீவரும் இலகுவாகும், சென்னை டிராஃபிக்கில் அது தனி வரம். 2025-ல் கார்னரிங் டிராக் டார்க் (drag torque) கன்ட்ரோல் வந்தது. வளைவுக்குள் எஞ்சின் இழுவையால் பின்சக்கரம் வழுக்கினால் எலக்ட்ரானிக்ஸே அந்த இழுவையைத் தளர்த்தும். இரண்டும் தீர்ப்பது ஒரே பிரச்சினையை. வளைவுக்குள் நுழையும் அந்த ஒரு நொடியைத்தான் ஆறு வருடமாக வெவ்வேறு கருவிகளால் சீர்செய்துகொண்டே வருகிறார்கள். ரேஸ் அனுபவம் ஒரு வண்டிக்குள் வேலை செய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. வளைவின் நுழைவில் நிம்மதி இருந்தால்தான் ரைடரின் கண் வளைவின் முடிவுக்குப் போகும்.

அதே 2025-ல் லாஞ்ச் கன்ட்ரோலும் வந்தது. ரேஸ் தொடக்கத்தில் பயன்படும். ரோட்டில் அதற்கு வேலை இல்லை.

குயிக்‌ஷிஃப்டரும் விங்லெட்டும்

2024 அறிமுக விலையில் குயிக்‌ஷிஃப்டர் இல்லாத சிவப்பு வண்டி 2,75,000, இருப்பது 2,92,000. வித்தியாசம் 17,000. (2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் இன்றைய எண்கள் வேறு. நம் ஒப்பீட்டுக்கு வித்தியாசம்தான் முக்கியம்.) குயிக்‌ஷிஃப்டரால் நேரம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் ரேஸ் ரைடருக்குப் பெரிய லாபம் வேறு. வளைவிலிருந்து சாய்ந்தபடியே வெளியேறும்போது த்ராட்டிலை மூடாமல் கியர் ஏற்றலாம், சஸ்பென்ஷன் கலையாது. கீழிறக்கும்போதும் க்ளட்சைத் தொடாமல் முழுக் கவனத்தையும் பிரேக் விரலில் வைக்கலாம். நகரத்தில் குறைந்த ஆர்பிஎம்மில் இது அவ்வளவு மென்மையாக வேலை செய்யாது, அங்கே பழைய முறையே மேல். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது, மறுக்கவில்லை. இருந்தாலும் 17,000-க்கும் 16,000-க்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரோட்டுக்காரருக்கு டைனமிக் ப்ரோவைத்தான் கை காட்டுவேன்.

காற்றை வைத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் சின்ன இறக்கைகளான விங்லெட் 2024 வண்டியில் கூடவே வருகிறது, அதனால் தேர்வு என்று ஒன்றில்லை. மோட்டோஜிபியில் டுகாட்டி பிரபலமாக்கிய விஷயம் இது. இதில் 3 கிலோ அழுத்தம் தரும் என்கிறது நிறுவனம். அந்த 3 கிலோ 160-ல் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் 80-ல் முக்கால் கிலோதான். பழைய வண்டிக்கு வெளியே வாங்கி ஒட்டுவதில் அர்த்தமில்லை.

2021-ன் ரேஸ் கிட்டைப் பற்றியும் ஒரு வரி. அப்போது விலை 5,000. உயர்ந்த ஃபுட்பெக் இருந்தால் அதிகம் சாய்க்கலாம், பெக் தரையில் உரசாது. ட்ராக்கில் தேவை. ரோட்டில் பெக் உரசும் அளவுக்குச் சாய்க்கிறவர், பெக்கை உயர்த்துவதைவிட வேகத்தைக் குறைப்பது நல்லது. சென்னையிலிருந்து திருச்சி வரை அந்தக் கிட்டின் தாழ்ந்த ஹேண்டில்பாரில் மணிக்கட்டு படும் பாடும் சேர்த்து யோசியுங்கள்.

பழைய வண்டியா, புதியதா?

2018, 2019 வண்டி வைத்திருப்பவர் அதைப் படிப்படியாக மேம்படுத்துவதா, விற்றுவிட்டுப் புதியது வாங்குவதா? அந்த வண்டியில் எது ஏறும், எது ஏறாது என்பதில்தான் பதில் இருக்கிறது. டயர், பேட், ஹோஸ், ஃபோர்க் வேலை, ஸ்லிப்பர் க்ளட்ச், இவையெல்லாம் ஏறும். க்ளட்ச் வந்தபோது முந்தைய வண்டிக்காரர்களும் டீலரிடம் பொருத்திக்கொள்ள வழி தந்தார்கள். ஏறாதது த்ராட்டில்-பை-வயரும் அதைச் சார்ந்த அனைத்தும்: ரைடிங் மோடு, ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், கார்னரிங் ஏபிஎஸ். வயரிங், ஈசியூ, த்ராட்டில் பாடி எல்லாமே வேறு.

உங்களுக்கு வேண்டியது முதல் பட்டியலில் இருந்தால் வண்டியை மாற்றாதீர்கள். நல்ல டயரும் சீரான ஃபோர்க்கும் ஸ்லிப்பர் க்ளட்சும் உள்ள 2018 வண்டி இன்றும் ட்ராக்கில் தலைநிமிர்ந்து ஓடும். மழையில் மலையேறும்போது துணைக்கு எலக்ட்ரானிக்ஸ் வேண்டும் என்பதுதான் உங்கள் குறை என்றால் பழைய வண்டியில் பணத்தைக் கொட்டாமல் மாறிவிடுங்கள். வெறும் 4 பிஎஸ்ஸுக்காக மாற வேண்டாம். சக்தியே பிரதானம் என்றால் 43.5 பிஎஸ் கேடிஎம் ஆர்சி 390-ஐ நேராகப் போய்ப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

இன்னொரு வழி, பலர் செலவு என்றே நினைக்காதது, பயிற்சி. இருங்காட்டுக்கோட்டையில் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறது. வேறு பயிற்சிப் பள்ளிகளும் ட்ராக் நாட்களும் நடக்கின்றன. ஸ்டாண்டர்டு வண்டியில் முறையாக ஒருநாள் கற்றவர், எல்லாக் கிட்டும் பொருத்திய வண்டியில் கற்காமல் வந்தவரைத் தாண்டிப் போவது அங்கே வழக்கமான காட்சி. எங்கே பார்ப்பது, எப்போது த்ராட்டிலைத் திறப்பது, பிரேக்கை எப்படி விடுவது என்று தெரிந்த பிறகுதான் உங்கள் வண்டியில் உண்மையில் என்ன குறை என்று உங்களுக்கே தெரியவரும். அதனால் புது வண்டி வாங்குகிறவர், பிறகு சேர்க்க முடியாத எலக்ட்ரானிக்ஸை மட்டும் புக்கிங்கின்போதே முடிவு செய்துகொள்ளலாம். மற்றவற்றுக்கான பணத்தை ஒரு பயிற்சி நாள் முடியும்வரை தொடாமல் வைத்திருங்கள்.

டைனமிக் கிட் எடுக்கிறவருக்குக் கடைசியாக ஒன்று. டெலிவரி நாளில் முழு ரைடிங் உடையோடு போங்கள். வண்டியில் உட்கார்ந்து, இரண்டு பேரை வைத்து சாக் அளக்கச் சொல்லுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் டேப் பிடிக்க வேண்டும். முதலில் பிரீலோட், பிறகு ரீபவுண்ட், கடைசியில் கம்ப்ரெஷன். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும், இரண்டு க்ளிக்குக்கு மேல் போகாமல் மாற்றுங்கள். எத்தனை க்ளிக், எந்த ரோடு, எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தொழிற்சாலை எண்களையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், குழம்பினால் அங்கே திரும்பிப் போகலாம்.